பீட்டர் தங்கராஜ்: ஒரு மறுமதிப்பீடு

இந்தியக் கால்பந்தின் ஆகச் சிறந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் என்ற தீர்ப்பு அரை நூற்றாண்டாக மறுவிசாரணைக்கு வராமலே நிற்கிறது. 1958-இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் பெற்றார். 1967-இல் அர்ஜுனா விருது வந்தது. பிற்காலத்தில் இருபதாம் நூற்றாண்டின் சிறந்த இந்திய கோல்கீப்பர் என்ற தகுதியும் அவருக்கே சூட்டப்பட்டது. இந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. எந்த அளவுகோலால் அளந்து இந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதை மட்டும் மூன்றில் ஒன்றும் சொல்வதில்லை. காரணம் கேட்கப்படாத புகழ் நாளடைவில் சடங்காகிவிடும். தங்கராஜ் அதைவிட மேலான மதிப்புக்கு உரியவர்; அவரைச் சோதித்துப் பார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

எப்படிச் சோதிப்பது என்பதை ஆம்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பதனிட்ட தோலைத் தரம் பிரிப்பவர் மேல் பளபளப்பைப் பார்த்து முடிவு சொல்வதில்லை. தோலை விரித்து, முதுகுப் பகுதியின் இறுக்கத்தையும் வயிற்றுப் பகுதியின் தளர்வையும் தனித்தனியே தடவிப் பார்த்து, கத்தி பட்ட தழும்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதன் பிறகே எந்த அடுக்கில் வைப்பது என்று தீர்மானிக்கிறார். ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கையையும் அப்படி முழுதாக விரித்துப் பார்க்க வேண்டும்.

வாழ்க்கைக் குறிப்பு நமக்குத் தெரிந்ததுதான். வாதத்துக்கு வேண்டிய அளவில் நினைவூட்டிக்கொள்ளலாம். 1935 டிசம்பர் 24 அன்று ஐதராபாத்தில் பிறந்தவர். மார்னிங் ஸ்டார், ஃப்ரெண்ட்ஸ் யூனியன் ஆகிய உள்ளூர்க் கழகங்களில் ஆடிவிட்டு, 1953-இல் ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்கு வந்தார். சென்டர் ஃபார்வர்டாக ஆடியவர் அங்கேதான் கோல்கீப்பராக மாறினார். அந்த அணி 1955-இலும் 1958-இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1960-61 சந்தோஷ் டிராபியை சர்வீசஸ் அணி வென்றபோது அதன் தலைவர் அவர். பிறகு கொல்கத்தாவின் மூன்று பெரிய கழகங்களான முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகியவற்றுக்கும் ஆடி, 1971-இல் ஓய்வு பெற்றார். இந்திய அணியில் மெல்போர்ன், ரோம் ஒலிம்பிக்குகள், டோக்கியோ முதல் பாங்காக் வரை மூன்று ஆசிய விளையாட்டுகள், 1964 ஆசியக் கோப்பை. 2008 நவம்பர் 24 அன்று பொக்காரோவில் காலமானார்.

இந்த வாழ்க்கையை மதிப்பிட நம்மிடம் உள்ள சான்றுகள் மூன்று வகை. ஒன்று, ஸ்கோர். இரண்டு, தேர்வு: எந்தப் பயிற்சியாளர், எந்த நெருக்கடியில், யாரை விட்டுவிட்டு அவரை நிறுத்தினார் என்பது. மூன்று, கண்டவர்களின் வர்ணனை. ஓடும் படங்கள் மிகக் குறைவாக எஞ்சிய காலம் அது. ஆகவே பெரும்பாலான கட்டுரைகள் மூன்றாவது வகையையே முதலாவதாக வைத்து எழுதப்பட்டுவிட்டன. நான் வரிசையை மாற்றுகிறேன். தேர்வுக்கு முதலிடம், ஏனெனில் பயிற்சியாளர் தன் பெயரையே பணயம் வைத்துத்தான் பதினொரு பேரை எழுதுகிறார். ஸ்கோருக்கு இரண்டாம் இடம். அது பொய் சொல்லாது. ஆனால் யார் செய்த தவறு என்பதையும் சொல்லாது. வர்ணனைக்கு மூன்றாம் இடம். அன்பு மிகுந்த சாட்சி அது. அன்பு மிகுந்ததாலேயே குறுக்கு விசாரணைக்கு உரியது.

அளவுகோல் நான்கு. பெனால்டி பகுதியை ஆளுதல், கோல் கோட்டில் நின்று தடுத்தல், கைக்கு வந்த பந்தை அணியிடம் சேர்த்தல், இவற்றை ஆண்டுக்கணக்கில் ஒரே தரத்தில் செய்தல். ஐந்தாவதாக ஒன்றைத் தனியே வைக்கிறேன்: தனக்குப் பின்னால் ஒரு வழிமுறையை விட்டுச் செல்லுதல்.

எடை போடுமுன் அவர் எதைப் பிடித்தார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டத் தொடக்கத்தில் பந்து 410 முதல் 450 கிராம் வரை இருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் 'தொடக்கத்தில்' என்ற நிபந்தனையில்தான் அக்கால கோல்கீப்பரின் துன்பம் முழுவதும் அடங்கியிருந்தது. ரப்பர் பிளாடரின் மேல் தைத்த தோல் பந்து ஈரத்தரையில் உருள உருள நீரைக் குடிக்கும். தோல் நீர் குடித்தால் எவ்வளவு கனக்கும், மேற்பரப்பு எப்படி வழுக்கும் என்பது பாலாற்றங்கரைத் தொழிலாளிக்குக் கையறிவு. கொல்கத்தா லீக் நடப்பதோ மழைக்காலத்தில், மைதான் சேற்றில். இன்று நாம் காணும் லேடெக்ஸ் கையுறை 1970-களில்தான் பரவியது. பந்தைப் பிடித்து நிற்கும் கோல்கீப்பரைத் தோளால் முட்டித் தள்ளுவதை அன்றைய விதி குற்றமாகக் கருதவில்லை. காயம்பட்டால் மாற்று ஆளும் இல்லை. உலகக் கோப்பையிலேயே மாற்று ஆட்டக்காரருக்கு அனுமதி கிடைத்தது 1970-இல்தான். இந்த நிபந்தனைகளை மறந்துவிட்டு இன்றைய கோல்கீப்பரோடு அவரை ஒப்பிடுவது முறையற்ற ஒப்பீடு. இந்த நிபந்தனைகளையே காட்டி எல்லாக் குறையையும் மன்னித்துவிடுவதும் அதே அளவுக்கு முறையற்றது. எதிரே நின்றவரும் அதே பந்தைத்தான் பிடித்தார்.

முதல் அளவுகோலில் தங்கராஜின் இடம் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது. உயரமானவர், கை நீண்டவர். பக்கவாட்டிலிருந்து வரும் உயரமான பந்தைக் கோட்டில் காத்திருந்து வாங்காமல் முன்னே போய் எடுத்தவர். இந்த ஒரு பண்பை மட்டும் வர்ணனைகள் அனைத்தும் ஒரே குரலில் சொல்கின்றன. ஒத்துப்போகும் சாட்சியத்தை ஏற்கலாம். அதைவிட முக்கியமானது இந்தத் திறமை ஆட்டமுறையோடு பொருந்திய விதம். பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் இந்திய அணியைப் பழைய மூன்று பேக் முறையிலிருந்து 4-2-4 அமைப்புக்கு நகர்த்திய ஆண்டுகள் அவை. நடுவே இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் அருகருகே நின்றால், அவர்களுக்கும் கோல்கீப்பருக்கும் இடைப்பட்ட வெளி யாருடையது என்ற கேள்வி எழும். வெளியே வரத் தயங்கும் கோல்கீப்பர் அந்த வெளியை எதிரணிக்குத் தானமாகக் கொடுத்துவிடுவார். தங்கராஜ் அதைத் தன் பொறுப்பாக்கிக்கொண்டார். மெல்போர்னில் தங்கப் பதக்கம் வென்ற சோவியத் அணியின் லெவ் யாஷின் ஐரோப்பாவில் இதே பாடத்தை எழுதிக்கொண்டிருந்த காலம் அது. தங்கராஜ் யாஷினுக்கு நிகர் என்று சொல்ல இடமில்லை. கோல்கீப்பர் கோட்டைக் காப்பவர் மட்டுமல்லர், பகுதியை ஆள்பவர் என்ற கருத்து இந்திய அணியில் உடல் பெற்றது இவரிடம் என்பதற்கு இடம் இருக்கிறது. அவருடைய முதல் சாதனை இதுவே.

இரண்டாவது அளவுகோலில் தீர்ப்பு இவ்வளவு தெளிவாக இல்லை. பந்தைப் பிடிப்பதில் அவருடைய உறுதி புகழ்பெற்றது. சென்டர் ஃபார்வர்டாக இருந்தவர் என்பதும் இங்கே உதவியிருக்க வேண்டும். எதிரே ஓடிவருபவர் எந்தக் கணத்தில், எந்தக் காலால் அடிக்கத் துணிவார் என்பதை உள்ளிருந்து அறிந்தவர் அவர். ஆனால் கோட்டில் நின்று தடுக்கும் திறமையை, குறிப்பாகத் தரையோடு வரும் பந்தைத் தடுக்கும் திறமையை, அவருடைய தனிச் சிறப்பு என்று நிறுவச் சான்று போதாது. வானத்துப் பந்தைப் பற்றிப் பேசும் சாட்சிகள் தரைப் பந்தைப் பற்றி அதே ஒருமனத்தோடு பேசவில்லை. உயரத்தால் வாழும் கோல்கீப்பர் எவருக்கும் கீழே விழும் வேகம் ஒரு கூடுதல் சோதனை. அதில் அவர் தவறினார் என்று குற்றம் சாட்டவும் மாட்டேன், மேலோங்கினார் என்று சான்றிதழ் தரவும் மாட்டேன். முதல் அளவுகோலில் கிடைத்த மதிப்பெண்ணை இரண்டாவதற்கும் சேர்த்து எழுதிவிடுவது இதுவரையிலான பாராட்டுரைகளின் பொதுத் தவறு.

மூன்றாவது அளவுகோல் மிகவும் சிக்கலானது, ஆகவே மிகவும் பயனுள்ளது. தங்கராஜின் கோல் கிக் எதிரணியின் பாதிக்குள் ஆழமாகச் சென்று விழும் என்பது அக்கால ரசிகர் ஒவ்வொருவரும் சொன்ன செய்தி. இதன் பின்னணியில் ஒரு வரலாறு உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்ற பிறகே பூட்ஸ் கட்டாயமாயிற்று. பூட்ஸ் அணிந்து வளர்ந்த முதல் தலைமுறையின் கோல்கீப்பர் தங்கராஜ். ஈரமேறிய தோல் பந்தை வெறுங்காலால் எழுபது கெஜம் அனுப்ப முடியாது. கடினமான முனை கொண்ட காலணி வந்த பிறகே கோல் கிக் என்பது பந்தை விலக்கி அனுப்பும் செயலிலிருந்து தாக்குதலின் தொடக்கமாக மாறியது. அந்த மாற்றத்தை இந்திய மைதானங்களில் முழுதாகப் பயன்படுத்தியவர் அவர். உலகத்துக்குக் காலணி தைத்துக் கொடுக்கும் ஊரில் இருப்பவர்கள் இதன் பொருளைக் குறைத்து மதிப்பிட மாட்டார்கள்.

ஆனால் தொலைவு ஒரு தகுதி, பொருத்தம் வேறொரு தகுதி. ரஹீமின் அணி தரையில் பந்தை வைத்து, குறுகிய பாஸ்களால் முன்னேறும் அணி. சூனி கோஸ்வாமியும் செகந்திராபாத்தின் துளசிதாஸ் பலராமும் காலடியில் பந்து கேட்பவர்கள். உயரமான பேக்குகளோடு தலையால் போட்டியிட்டு வெல்வதற்காக அணியில் இருந்தவர்கள் அல்லர். அப்படிப்பட்ட முன்வரிசைக்கு வானத்தில் வரும் நீண்ட உதை, கையில் உறுதியாக இருந்த பந்தைச் சரிபாதி வாய்ப்புக்குத் திருப்பிக் கொடுப்பதாகும். வலது ஓரத்தில் வேகமாக ஓடும் பி.கே. பானர்ஜிக்கு அதே உதை ஒரு வரம். எதிரணி முன்னேறி நிற்கும்போது அது ஒரே அடியில் ஆறு பேரைக் கடந்துவிடும். ஆக, அந்த உதை ஒரு கருவி என்ற அளவில் சிறப்பு, ஒரு பழக்கம் என்ற அளவில் குறை. அது அணியின் முறையிலிருந்து பிறந்த ஆயுதம் அல்ல. ராணுவ அணியின் நேரடி ஆட்டத்திலிருந்து அவரோடு கூட வந்த ஆயுதம். நியாயத்துக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டும். சக ஆட்டக்காரர் பின்னால் தள்ளிவிடும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-இல்தான் வந்தது. கோல்கீப்பர் காலால் ஆட்டத்தைக் கட்ட வேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கப்படாத தேர்வில் அவரைத் தோற்றவராக்க முடியாது. முதல் வகுப்பும் தர முடியாது.

நான்காவது அளவுகோலான நிலைத்தன்மையில்தான் புகழுக்கும் கணக்குக்கும் இடையிலான தூரம் அதிகம். மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 1-4, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3. அந்த அணிக்கு தங்கராஜ், எஸ்.எஸ். நாராயண் என இரு கோல்கீப்பர்கள். அங்கே விட்ட கோல்களை ஒருவர் கணக்கில் மட்டும் எழுதுவது முறையாகாது. இருபது வயது இளைஞருக்கு அது அறிமுகம் என்று கொள்வோம். டோக்கியோவை அப்படித் தாண்டிவிட முடியாது. 1958 ஆசிய விளையாட்டில் பர்மாவை 3-2 என்று வென்ற இந்தியா, இந்தோனேசியாவிடம் 1-2 என்று தோற்று, ஹாங்காங்கை 5-2 என்று வென்று, அரையிறுதியில் தென் கொரியாவிடம் 1-3, வெண்கல ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1-4 என்று வீழ்ந்தது. ஐந்து ஆட்டங்களில் பதின்மூன்று கோல். ஒரு ஆட்டத்தில்கூட வலை தப்பவில்லை. ஆசியாவின் சிறந்தவர் என்ற பெயர் அவருக்கு வந்ததும் இதே ஆண்டில். இந்த இரண்டு உண்மைகளையும் அடுத்தடுத்து வைத்து எழுதிய கட்டுரை ஒன்றையும் நான் படித்ததில்லை.

இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பதின்மூன்று கோல் விட்ட அணியின் கோல்கீப்பர் முப்பது உதைகளைத் தடுத்தவராகவும் இருக்கலாம். தோற்கும் அணியில்தான் கோல்கீப்பரின் திறமை அதிகம் தெரியும். ஆனால் அந்தப் பெயரை ஆதாரமாக நிறுத்துபவர்கள், அது தொடர்ந்த காப்பின் சான்று அல்ல, சில ஆட்டங்களில் தெரிந்த தனித்திறமையின் சான்று என்பதை ஏற்க வேண்டும். சிறப்பு வேறு, சீர்மை வேறு.

ரோம் இதற்கு மாறான சாட்சி. 1960-இல் இந்தியா சந்தித்த முதல் அணி ஹங்கேரி. பின்னாளில் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற ஃப்ளோரியன் ஆல்பர்ட் ஆடிய, அந்த ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணி அது. ஸ்கோர் 1-2. அடுத்து பிரான்சுடன் 1-1, பி.கே. அடித்த கோலால் முன்னிலையில் இருந்த இந்தியா, ஆட்டம் முடிய எட்டு நிமிடம் இருக்கையில்தான் சமன் செய்யப்பட்டது. கடைசியில் பெருவிடம் 1-3. மூன்று ஆட்டங்களில் ஆறு கோல். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் டோக்கியோவிலிருந்து பெரிய முன்னேற்றம் இல்லை. எதிரே நின்றவர்களையும் சேர்த்துப் பார்த்தால் தரம் வேறு. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய அணியிடம் பத்து கோல் வாங்கிய நாடு, இப்போது இரு ஐரோப்பிய அணிகளிடம் சேர்த்து மூன்றே கோல் வாங்கியது. தடுப்பு வரிசைக்கும் ரஹீமின் ஏற்பாட்டுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு; கோல்கீப்பரின் பங்கை மறுப்பவர் எவரும் இருக்க முடியாது. இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் ஆடியது அதுவே கடைசி முறை என்பதால், அந்த ஆட்டங்களின் மதிப்பு ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகிறது.

இனி ஜகார்த்தா. இந்த வாழ்க்கையின் மையம் அதுதான்; மற்றவை எல்லாம் அதன் முன்னுரையும் பின்னுரையும்.

1962 ஆசிய விளையாட்டில் இந்தியா முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்றது. இந்த ஓட்டத்தில் தங்கராஜ் காய்ச்சலில் கிடந்தார். வலையைக் காத்தவர் வங்காளத்தின் பிரத்யுத் பர்மன். செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டம், மீண்டும் அதே கொரியா. 1956, 1960 இரண்டு ஆசியக் கோப்பைகளையும் வென்ற அணி. அரங்கம் நிரம்பி வழிந்தது. இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டதைப் பற்றிய சர்ச்சையால் கூட்டம் இந்தியாவுக்கு எதிராகக் கொதித்துக்கொண்டிருந்தது. ரஹீம் பர்மனை வெளியே வைத்து, காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜை உள்ளே கொண்டுவந்தார்.

இந்தத் தேர்வை நாம் நின்று பார்க்க வேண்டும். வெற்றி பெற்றுவரும் அணியில் கோல்கீப்பரை மாற்றுவது பயிற்சியாளர்கள் தவிர்க்கும் செயல்களில் முதன்மையானது. பர்மன் தவறு செய்து இடம் இழக்கவில்லை. ஆட்டப் பழக்கத்தில் இருந்தவர் அவர்தான். உடல் தளர்ந்து, பல நாள் ஆடாமல் இருந்தவரை, தங்கப் பதக்க ஆட்டத்தில் நிறுத்துவது கண்மூடித்தனம் அல்லது மிகத் துல்லியமான கணக்கு. ரஹீமை அறிந்தவர்கள் முதலாவதை நினைக்க மாட்டார்கள். கொரியர்களின் பலம் உயரமும் உடல் வலுவும். அவர்கள் பின்தங்கினால் பெனால்டி பகுதிக்குள் பந்தைத் தூக்கிப் போடுவார்கள். அப்போது வேண்டியது கோட்டில் பாயும் கை அல்ல, பகுதியை ஆளும் உடல். ஆக, ரஹீம் தேர்ந்தெடுத்தது நாம் முதல் அளவுகோலில் கண்ட அந்த ஒரு பண்பை. தங்கராஜின் திறமையைப் பற்றி எழுதப்பட்ட மிகச் சிறந்த விமர்சனம் அன்றைய பதினொரு பேர் பட்டியல்தான்.

ஆட்டம் அந்தக் கணக்கைச் சோதித்தது. பி.கே. 17-ஆம் நிமிடத்திலும், நெற்றியில் தையலோடு முன்களத்தில் ஆடிய ஜர்னைல் சிங் 20-ஆம் நிமிடத்திலும் அடித்தார்கள். அதன்பின் எழுபது நிமிடம் இந்தியா காக்க வேண்டியிருந்தது. கொரியாவின் ஒரே கோல் வந்தது 85-ஆம் நிமிடத்தில். தாங்கிப் பிடிக்க வேண்டிய நேரத்தில் அறுபத்தைந்து நிமிடம் ஆசியச் சாம்பியனை வெற்றுக் கையோடு நிறுத்திவைத்த காப்பு அது. டோக்கியோவில் இதே நாட்டிடம் மூன்று கோல் விட்ட அணி, ஜகார்த்தாவின் முதல் ஆட்டத்தில் இரண்டு விட்ட அணி, மூன்றாம் முறை ஒன்றோடு நிறுத்தியது. இங்கே திறமை, தேவை, தருணம் மூன்றும் ஒன்றுசேர்ந்தன. இதற்கு மேல் ஓர் ஆட்டத்திலிருந்து ஒரு கோல்கீப்பரிடம் எதையும் கேட்க முடியாது.

பின்னுரை சமமாக இல்லை. 1964 ஆசியக் கோப்பையில் அவர் இருந்த அணி தென் கொரியாவை 2-0 என்றும் ஹாங்காங்கை 3-1 என்றும் வென்று, இஸ்ரேலிடம் 0-2 என்று தோற்று, இரண்டாம் இடம் பெற்றது. மூன்று ஆட்டங்களில் மூன்று கோல். கணக்கின்படி இதுவே அந்தக் காலத்தின் மிகச் சீரான காப்பு. ஆனால் இரண்டே ஆண்டில், பாங்காக்கில், இந்தியா முதல் சுற்றோடு வெளியேறியது. ஈரானிடம் 1-4 என்ற தோல்வியும் அதில் அடக்கம். 1963-இல் ரஹீம் இறந்த பிறகு அணியின் முறை கலைந்தது உண்மை. முறை கலைந்த அணியைத் தனி ஒருவராகத் தூக்கி நிறுத்தும் கோல்கீப்பர்கள் உண்டு என்பதும் உண்மை. தங்கராஜ் அந்த வகை அல்லர். தெளிவான ஏற்பாட்டுக்குள் அவர் மகத்தானவர். ஏற்பாடு இல்லாதபோது நல்லவர், அவ்வளவே.

பின்வந்தவர்களோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு மேலும் துலங்கும். 2011 தோஹா ஆசியக் கோப்பையில் சுப்ரதா பால் மூன்று ஆட்டங்களில் பதின்மூன்று கோல் விட்டார். ஆனாலும் தென் கொரியாவுடனான ஆட்டத்தில் அவர் கோட்டில் நின்று தடுத்தவற்றை உலகமே பாராட்டியது. கோட்டுக் காப்பு என்ற ஒற்றை அளவுகோலில் அவரைத் தங்கராஜுக்கு மேலே வைக்கத் தயங்க மாட்டேன். குர்பிரீத் சிங் சந்து நார்வேயின் ஸ்டாபேக் கழகத்துக்கு ஆடி, ஐரோப்பியக் கழகப் போட்டியில் வலை காத்தவர். அன்றாடப் பயிற்சியின் தரத்திலும், காலால் ஆட்டத்தைத் தொடங்கும் கலையிலும் அவருக்குக் கிடைத்த பள்ளி தங்கராஜுக்குக் கிடைக்கவில்லை. பாஸ்கர் கங்குலியும் பிரம்மானந்த் சங்க்வால்கரும் தத்தம் காலத்தில் நம்பகமான கைகள். இவர்களில் ஒருவர்கூட ஆசியாவின் முதன்மை அணியை இறுதி ஆட்டத்தில் வென்ற அணியின் வலையில் நின்றதில்லை. இந்த வேறுபாட்டை அணியின் தரம் என்று மட்டும் சொல்லித் தள்ள முடியாது. அந்த இறுதி ஆட்டத்தில் ரஹீம் வேறொருவரை நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை.

கழக வாழ்க்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அன்று இந்தியாவில் முறையான தொழில்முறைக் கால்பந்து இல்லை. ஆட்டக்காரர் சிப்பாயாகவோ ரயில்வே ஊழியராகவோ இருந்துகொண்டே ஆடினார். அந்தச் சூழலில் கொல்கத்தாவின் மூன்று போட்டிக் கழகங்களும் ஒரே மனிதரைத் தேடி வந்தது மதிப்பின் அடையாளம். முப்பத்தைந்து வயது வரை மழைக்கால லீக்கில் நின்றது ஒழுக்கத்தின் அடையாளம். தொழில்முறை என்ற பெயர் இல்லாமலே தொழில்முறையாளராக வாழ்ந்தவர் என்பதில் ஐயமில்லை.

ஐந்தாவது அளவுகோலில் குறை தெளிவாகத் தெரிகிறது. ஓய்வுக்குப் பின் கோவாவின் வாஸ்கோ கழகத்திலும், பிறகு பொக்காரோ எஃகு ஆலை அணியிலும் பயிற்சியளித்தார். ஆனால் பகுதியை ஆளும் கோல்கீப்பர் என்ற அவருடைய கண்டுபிடிப்பு ஒரு பள்ளியாக வளரவில்லை. அடுத்த தலைமுறைகள் கோட்டில் நிற்கும் கோல்கீப்பர்களையே மீண்டும் மீண்டும் உருவாக்கின. கோல்கீப்பருக்கென்று தனிப் பயிற்சியாளர் என்ற எண்ணமே நாட்டில் இல்லாதபோது இந்தப் பழியை அவர் மேல் முழுதாகச் சுமத்துவது அநியாயம். பழியின் பெரும்பகுதி, ஆசியாவின் சிறந்தவர் என்று பெயரெடுத்தவரைத் தேசியக் கட்டமைப்பின் நடுவே உட்கார வைக்காமல், எஃகு ஆலை அணியோடு ஓய்வு பெற விட்ட நிர்வாகத்துக்கு உரியது. விளைவு மட்டும் ஒன்றே: அவர் திறந்த வழி அவரோடு நின்றது.

இப்போது தீர்ப்பு. பெனால்டி பகுதியை ஆள்வதில் தங்கராஜ் முதல் தரம், இந்தியாவில் இன்றுவரை இணையற்ற முதல் தரம். கோட்டுக் காப்பில் உயர்ந்த இரண்டாம் தரம். பந்தை அனுப்புவதில் ஆற்றல் முதல் தரம், பொருத்தம் இரண்டாம் தரம். சர்வதேச நிலைத்தன்மையில் இரண்டாம் தரம். மரபை விட்டுச் செல்வதில், பெரும்பாலும் பிறர் குற்றத்தால், மூன்றாம் தரம். இந்தக் கலவையை ஒரே சொல்லில் 'மிகச் சிறந்தவர்' என்று சொல்வது சோம்பேறித்தனம். அவர் இந்தியாவின் மிக முழுமையான கோல்கீப்பர் அல்லர். மிக முக்கியமான கோல்கீப்பர். ஒரு பண்பை உச்சத்துக்குக் கொண்டுபோய், அந்தப் பண்பு கேட்கப்பட்ட மிகப் பெரிய நாளில் அதைக் குறைவின்றிக் கொடுத்தவர். முதலிடம் அவருக்குரியதுதான். ஆனால் அதை விருதுகளின் பெயரால் தராமல், ஜகார்த்தாவின் பெயரால் தர வேண்டும்.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். உயரத்தையும் பாய்ச்சலையும் பார்த்துக் கைதட்டும் பழக்கத்தால்தான் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு கோல்கீப்பரைத் தற்செயலாகக் கண்டெடுக்கிறோம். வெலிங்டனில் ஒரு சென்டர் ஃபார்வர்டின் உடலில் வேறொரு வேலைக்கான தகுதியைக் கண்டுகொண்ட கண்ணும், ஜகார்த்தாவில் ஒரு குறிப்பிட்ட எதிரிக்கு ஒரு குறிப்பிட்ட கையைத் தேர்ந்தெடுத்த கணக்கும் தற்செயல் அல்ல. இரண்டும் துல்லியமான விமர்சனச் செயல்கள். வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ ஒரு பள்ளி மைதானத்தில் வலைமுன் நிற்கும் பையனிடம் எந்தப் பண்பு இருக்கிறது, அது எந்த ஆட்டத்துக்கு உதவும், எது இல்லை என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பயிற்சியாளர்கள் வேண்டும். தங்கராஜை நேர்மையாக எடை போடக் கற்றவர்களால் அந்தப் பையனையும் நேர்மையாக எடை போட முடியும்.